ஐந்தாண்டு வாக்கை ஓராண்டாகச் சுருக்காதீர்கள்

ஒரே நேரத் தேர்தல் மசோதாவை ஆராயும் நாடாளுமன்றக் கூட்டுக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

அரசமைப்பின் 129ஆவது திருத்த மசோதா 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமானபோது 269 பேர் ஆதரித்தார்கள். 198 பேர் எதிர்த்தார்கள். திருத்தத்தை நிறைவேற்ற வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு அன்று அவையில் இல்லை. ஆகவே இம்மசோதாவின் வடிவம் பெரிதும் தங்கள் குழுவின் கையில் இருக்கிறது.

எங்கள் முதல் குறை, புதிதாகச் சேர்க்கப்படும் 82ஏ பிரிவைப் பற்றியது. குடியரசுத் தலைவர் அறிவிக்கும் நாளுக்குப் பின் தேர்ந்தெடுக்கப்படும் சட்டமன்றங்கள் யாவும், மக்களவையின் முழுப் பதவிக்காலம் முடியும்போது தாமும் முடிந்துவிடும் என்கிறது அது. அந்த நாள் 2029இல் அமைந்தால், 2031இல் தமிழ்நாடு தேர்ந்தெடுக்கும் சட்டமன்றத்துக்கு மூன்றாண்டுதான் ஆயுள். 2033இல் வாக்களிக்க வேண்டிய கர்நாடகத்துக்கோ ஏறக்குறைய ஓராண்டு. ஓராண்டு அரசால் ஒரு வரவுசெலவுத் திட்டம் போட முடியும். ஓர் அணையையோ மருத்துவமனையையோ தொடங்கி முடிக்க முடியாது.

தேர்தல் செலவு குறையும் என்கிறார்கள் மசோதாவை ஆதரிப்போர். ஆனால் இடையில் கலையும் சட்டமன்றத்துக்கு மீண்டும் தேர்தல் நடத்தி, எஞ்சிய காலத்துக்கு மட்டும் புதிய அவை அமைக்க வேண்டும் என்று இதே மசோதா சொல்கிறது. அப்படியானால் ஐந்தாண்டுக்குள் இரண்டு தேர்தல்! 1952 முதல் 1967 வரை மக்களவை, சட்டமன்றத் தேர்தல்கள் பெரும்பாலும் ஒன்றாக நடந்ததை நினைவூட்டுவோர், அது ஏன் குலைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1959இல் பெரும்பான்மையோடு இருந்த கேரள அரசை நீக்கியதும், 1970 இறுதியில் மக்களவையை முன்கூட்டியே கலைத்ததும் டெல்லி எடுத்த முடிவுகள். அதற்கான விலையை மாநில வாக்காளர் தலையில் கட்டுவது நியாயமாகாது.

இன்னொன்று. ஒரு மாநிலத் தேர்தலை மக்களவைத் தேர்தலோடு நடத்த முடியாது என்று தேர்தல் ஆணையம் கருதினால், அதைத் தள்ளிவைக்கப் பரிந்துரைக்கலாம். எத்தனை மாதம் வரை என்ற வரம்பே மசோதாவில் இல்லை. கூட்டாட்சியில் இது மிக ஆபத்தான இடைவெளி.

ஆகவே தங்களை வேண்டுகிறோம்: சட்டமன்றங்களின் ஆயுளை வெட்டும் உட்பிரிவுகளை நீக்கப் பரிந்துரை செய்யுங்கள். தள்ளிவைப்புக்குக் காலவரம்பு விதியுங்கள். மாநிலங்களின் ஒப்புதல் தேவையில்லை என்ற, ஒரே நேரத் தேர்தலை முன்னர் ஆராய்ந்த உயர்நிலைக் குழுவின் கருத்தை ஏற்காமல், 368ஆவது பிரிவின்படி பாதிக்குக் குறையாத சட்டமன்றங்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று தங்கள் அறிக்கையில் எழுதுங்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் இத்திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் அறிக்கையில் கையெழுத்திடாதீர்கள்.