பட்சி தோஷமா? பசி தோஷமா?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் முதலிய கரிசல்காட்டுப் பக்கங்களில் ஒரு கைக்குழந்தை ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ இளைத்து, விலா எலும்பு தெரியும்படி ஆகிவிட்டால், நம் மக்களில் பலர் முதலில் கேட்கும் கேள்வி, "இந்தக் குழந்தைக்கு என்ன ஆகாரம் கொடுக்கிறீர்கள்?" என்பதல்ல. "இதன்மேல் என்ன பறவை பறந்தது?" என்பதேயாகும். அந்தி நேரத்தில் பறவையின் நிழல் பட்டுவிட்டதாம். அதனால் பட்சி தோஷம் வந்துவிட்டதாம். உடனே வேப்பிலை அடிப்பதும், மந்திரிப்பதும், தாயத்துக் கட்டுவதுமாகிய காரியங்கள் நடக்கின்றன. பணம் போகிறது, வாரங்கள் போகின்றன, சில சமயங்களில் குழந்தையும் போய்விடுகிறது. போன பிறகு, "விதி" என்ற ஒரே வார்த்தையில் கணக்கை முடித்து விடுகிறார்கள்.

பறவை பறந்தால் குழந்தை இளைக்கும் என்பது உண்மையானால், காக்கையும் பருந்தும் பறக்காத ஊர் எந்த ஊர் என்று கேட்கின்றோம். கோழி வளர்க்கிறவன் வீட்டில் ஒரு பிள்ளையாவது பிழைத்திருக்க முடியுமா? ஒரே பறவை ஒரே தெருவின்மேல் பறக்கையில், பருப்பும் முட்டையும் தின்கிற குழந்தையை விட்டுவிட்டு, வெறும் கஞ்சித் தண்ணீர் குடிக்கிற குழந்தையை மட்டும் தேடிப் பிடிக்கிறதென்றால், அந்தத் தோஷம் பறவையிடம் இருக்கிறதா, பானையில் இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள்.

உண்மை இதுதான். பிறந்த குழந்தைக்கு முதல் 6 மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஆனால் 6 மாதம் முடிந்தபின் குழந்தையின் தேவை வளர்ந்துவிடுகிறது. 6 மாதம் முதல் ஒரு வயது வரை தாய்ப்பால் அத்தேவையில் சுமார் பாதியையும், இரண்டாம் வயதில் சுமார் மூன்றில் ஒரு பங்கையுமே தரவல்லது. பிறக்கும்போது உடம்பில் சேமித்துக்கொண்டு வந்த இரும்புச் சத்தும் ஆறாம் மாதத்தையொட்டித் தீர்ந்துபோகிறது. ஆகவே தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுத்துக்கொண்டே, ஆறு மாதம் முடிந்ததும் மசித்த உணவை ஆரம்பித்தாக வேண்டும். இது உலக சுகாதார நிறுவனம் சொல்லுவது. நாம் செய்வதென்ன? 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, 6 மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் போதுமான ஆகாரம் பெற்றவை 100-க்கு 11 மாத்திரமே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 இரத்த சோகை பிடித்தவை. இத்தனை குழந்தைகளின்மேலும் பறந்தது எந்தப் பறவை?

நம் தாய்மார்கள் "சவலை" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அடுத்த பிள்ளை உண்டானதும் பால் மறக்கடிக்கப்பட்டு ஏங்கி மெலிந்து நிற்கும் குழந்தைக்கு அப்பெயர். ஆப்பிரிக்காவில், இப்போது கானா என்று வழங்கும் நாட்டில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1930-களில் இதே கோலமுள்ள குழந்தைகளைக் கண்டார். பாலை விட்டபின் பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சியிலேயே வளர்ந்த குழந்தைகள் அவை. அந்நாட்டுத் தாய்மார் அந்நோயைக் குவாஷியோர்கோர் என்றார்கள். அடுத்த பிள்ளை பிறக்கும்போது முன்பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். 1935-இல் அந்தப் பெயரையே அவர் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார், உலகம் ஏற்றுக்கொண்டது. பெயர் வைக்கும் அறிவில் நம் தாய்மாரும் அவர்களுக்குக் குறைந்தவர்களல்லர். ஆனால் அங்கே பெயரிலிருந்து காரணத்தைத் தேடினார்கள். இங்கே பெயரிலிருந்து பூசாரியைத் தேடுகிறோம்!

நிற்க, கொஞ்சம் வசதியுள்ள வீடுகளின் யோக்கியதையையும் பார்ப்போம். இவர்களுக்கு அன்னப்பிராசனம் என்று ஒரு சடங்கு உண்டு. ஆண் குழந்தைக்கு இரட்டை மாதத்திலும், பெண் குழந்தைக்கு ஒற்றை மாதத்திலும் சோறூட்ட வேண்டுமாம். ஆண் வயிறு இரட்டைப்படையிலும் பெண் வயிறு ஒற்றைப்படையிலும் பசிக்குமென்று கண்டுபிடித்த மகான் யாரோ தெரியவில்லை! அதற்குமேல் நாள் பார்க்க வேண்டும். நட்சத்திரம் பார்க்க வேண்டும். ஆடியும் மார்கழியும் ஆகாது. தாய்மாமனுக்கு ஒழிய வேண்டும். இப்படியே ஆறாம் மாதத்துப் பசி எட்டாம் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. நாள் வந்ததும் கோயிலில் ஒரு விரல் சர்க்கரைப் பொங்கலை நாக்கில் தடவி, தட்சிணை கொடுத்து, வீட்டுக்கு வந்து பந்தியும் போடுகிறார்கள். மறுநாள் குழந்தைக்கு என்ன? மறுபடியும் கஞ்சித் தண்ணீர்தான்! ஐயர் சாப்பிட்டாயிற்று, மாமன் சாப்பிட்டாயிற்று, சாப்பிடாதது குழந்தை ஒன்றே.

"ஏழைகள் நாங்கள், சத்துள்ள ஆகாரத்துக்கு எங்கே போவோம்?" என்று கேட்கலாம். தோழர்களே! வானம் பார்த்த பூமியானாலும் நம் கரிசல் வெறும் பூமியல்ல. கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை இவ்வளவும் இந்த வட்டாரத்துக்குப் பழகியவை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. புழக்கடையில் முருங்கை நிற்கிறது. நாம் செய்வதோ, பயறை மூட்டை கட்டிக் கமிஷன் கடைக்கு அனுப்பிவிட்டு, ரேஷன் அரிசிக் கஞ்சியை வடித்துப் பிள்ளைக்கு ஊற்றுவது!

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. குதிரைவாலி அல்லது அரிசி இரண்டு பங்குக்குப் பாசிப்பருப்பு ஒரு பங்கு சேர்த்துக் குழைய வேகவைத்து, ஒரு பிடி முருங்கைக் கீரையை வேகும்போதே போட்டு மசித்து, ஒரு சிறு கரண்டி நல்லெண்ணெய் விட்டால் அதுவே முழு ஆகாரம். கம்பானால் குத்திப் புடைத்து மாவாக்கிக் காய்ச்ச வேண்டும். வெந்த முட்டை, வாழைப்பழம், பப்பாளி, பூசணி யாவும் மசித்துக் கொடுக்கலாம். கடலையை வறுத்துத் தோல் நீக்கி மைபோல் அரைத்துச் சேர்க்கலாம். முழுக் கடலையும் மிட்டாயும் தொண்டையில் அடைத்துக் கொல்லும். பூசணம் பிடித்த கடலையும் ஆகாது. ஒரு வயது வரை தேன் கூடாது, உப்பும் வேண்டியதில்லை. சர்க்கரையும் கருப்பட்டியும் இரண்டு வயது வரை தேவையே இல்லை.

ஒரு விஷயம் முக்கியம். கரண்டியைச் சாய்த்தால் ஓடுகிற கஞ்சி ஆகாரமல்ல, தண்ணீர். குழந்தையின் வயிறோ சிறியது. அதைத் தண்ணீரால் நிரப்பினால் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. கெட்டியாய்க் கொடுத்தால் விழுங்காதே என்றால் அதற்கும் வழி உண்டு. கம்பையோ கேழ்வரகையோ முளைகட்டி, வெயிலில் காயவைத்துத் திரித்து வைத்துக்கொள்ளுங்கள். சூடாயிருக்கும் கெட்டிக் களியில் அம்மாவு ஒரு சிறு கரண்டி கலந்து கிண்டினால், தண்ணீர் சேர்க்காமலே சில நிமிஷத்தில் இளகிவிடும். முளைத்த தானியத்தில் மாவுச்சத்தைக் கரைக்கும் ஒரு பொருள் உண்டாவதே காரணம். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கொதி விட்டு, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும்.

அளவென்ன? ஆறு மாதம் முடிந்ததும் வேளைக்கு இரண்டு மூன்று கரண்டியாகத் தினம் இரண்டு மூன்று வேளை ஆரம்பித்து, எட்டாம் மாதத்துக்குள் கால் லிட்டர் கிண்ணத்தில் பாதிக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்பதாம் மாதம் முதல் அதே அரைக் கிண்ணம் மூன்று நான்கு வேளை; ஒரு வயதுக்குமேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அப்போதைக்கப்போது ஆக்கிக் கிண்ணத்திலும் கரண்டியிலும் கொடுங்கள், புட்டி வேண்டாம்.

பழைய மூடநம்பிக்கை போகப் புது மூடநம்பிக்கை ஒன்று வந்திருக்கிறது. டப்பா மாவே உயர்ந்தது என்பதுதான் அது. பால்வாடியில் இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவை மாட்டுக்குக் கரைத்து ஊற்றிவிட்டு, கடையில் டப்பா வாங்குகிறவர்கள் உண்டு. 1939-லேயே அதே வில்லியம்ஸ் அம்மையார் சிங்கப்பூரில் கம்பெனிக்காரரின் டப்பிப் பால் விளம்பரத்தைக் கண்டித்து, "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் பேசினார். இந்தியாவில் 1992-ஆம் வருஷச் சட்டமும், அதன் 2003-ஆம் வருஷத் திருத்தமும் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான டப்பா உணவை விளம்பரம் செய்யக் கூடாதென்கின்றன. அப்படியிருந்தும் 2024-இல், ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி தன் சொந்த நாட்டில் சர்க்கரை சேர்க்காமல் விற்கும் குழந்தை உணவை நம் நாட்டில் சர்க்கரை சேர்த்து விற்றதென்று வெளிவந்தது. தாயத்தில் ஏமாறுகிறவன் பூசாரிக்குக் கொடுக்கிறான். டப்பாவில் ஏமாறுகிறவன் கம்பெனிக்குக் கொடுக்கிறான். இரண்டிலும் நஷ்டம் குழந்தைக்கே.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் தீப்பெட்டி ஆபீசுக்கோ களை எடுக்கவோ போகிற பெண், நான்கு வேளை மசித்து ஊட்டுவது எப்படி? குழந்தை பாட்டியிடமோ ஏழு வயது அக்காளிடமோ கிடக்கிறது. பெண்கள் பலர் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகளுக்கு அறை வேண்டுமென்று 1948-ஆம் வருஷச் சட்டமே சொல்லிற்று. ஆனால் சிறு பட்டறைக்கும் வீட்டு வேலைக்கும் அது எட்டவில்லை. சட்டம் எட்டாவிட்டாலும் தகப்பன் கை எட்டுமே! பருப்பை மசிக்க மீசை தடையா? பிள்ளைக்கு என் பெயர், என் பாட்டன் பெயர் என்று உரிமை கொண்டாடுகிறவர்கள், ஒரு வேளைச் சோறூட்டக் கூசுவது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

ஆகவே தோழர்களே! உங்கள் தெருவில் இளைத்த குழந்தை இருந்தால், அது இன்று என்ன தின்றது என்று கேளுங்கள். மாதந்தோறும் பால்வாடியில் எடை போடச் செய்யுங்கள். எடை ஏறாவிட்டாலோ, பாதம் வீங்கி விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலோ அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மந்திரிக்கிறவன் வாசலில் ஒரு நாழிகைகூட நிற்காதீர்கள். தாயத்துக்கு எடுத்து வைத்த பணத்துக்கு முட்டை வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துக் குழந்தையைத் தூக்கிப் பாருங்கள். பறந்த பறவை எது என்பதற்கு உங்கள் கையே பதில் சொல்லும்.