தொழுவத்துக்குப் பின்னால் முளைத்த காளானைச் சமைக்கலாமா?

‘‘ஆடி, ஆவணி மழைக்குப் பிறகு, தோட்டத்தை ஒட்டிய காட்டில் புற்றைச் சுற்றி வெள்ளைக் காளான் முளைக்கும். வருஷா வருஷம் பறித்துக் குழம்பு வைப்போம். இந்த முறை மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் புல்தரையிலும் அதேபோல் பெரிது பெரிதாக முளைத்திருக்கிறது. சமைக்கலாமா?’’

- வாசகி, கல்வராயன்மலை அடிவாரம்.

வேண்டாம் அம்மா. நீங்கள் காட்டில் பறிப்பது புற்றுக்காளான். கரையான்கள் மண்ணுக்குள் மென்று சேர்த்த மரத்தூள், சருகில் தங்கள் உணவுக்காக வளர்க்கும் பூஞ்சையிலிருந்து அது கிளம்புகிறது. அதனால் பறிக்காமல் கவனமாகத் தோண்டிப் பாருங்கள். தண்டு மண்ணுக்குள் வேர்போல நீண்டு, மெலிந்து, தேனடை போன்ற கரையான் கூட்டில் போய் முடியும். குடையின் நடுவில் கூரான முனை இருக்கும். அடியில் உள்ள மடிப்புகள் வெள்ளையாகவோ, லேசான இளஞ்சிவப்பாகவோ, தண்டைத் தொடாமலோ இருக்கும். (பொடிப்பொடியாகக் கூட்டமாய் முளைக்கும் ஒரு வகைக்கு மட்டும் இந்த நீண்ட வேர் கிடையாது.)

புல்தரையில் முளைப்பது பெரும்பாலும் வேறு. வெள்ளைக் குடைமேல் பழுப்புச் செதில், தண்டில் மோதிரம்போல் வளையம். முற்றினால் மடிப்புகள் பச்சையாகும். ஆனால், இளசில் அதுவும் வெள்ளைதான், ஏமாறுவது அங்கேதான். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் படுத்திவிடும். சந்தேகம் இருந்தால், விரிந்த குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, டம்ளரால் மூடி இரவு முழுக்க வையுங்கள். பச்சைப் பொடி படிந்தால் அதுதான். பச்சை இல்லை என்பதற்காக மட்டும் சமைத்துவிடக் கூடாது.

இதைவிடக் கொடியது, தண்டின் அடியில் கிழிந்த உறைபோல் ஒரு கிண்ணம் உள்ள வெள்ளைக் காளான். மேலாகக் கிள்ளினால் கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும். கொதிக்க வைத்தாலும் அதன் நஞ்சு போகாது. வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லை, மஞ்சள் நிறம் மாறவில்லை, பூச்சி கடித்திருக்கிறது என்று சொல்வதையெல்லாம் நம்பாதீர்கள். ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வாந்தி தொடங்கும். நடுவில் ஒருநாள் தேறியதுபோல் இருந்து, பிறகு கல்லீரல் கெடும். ஆகவே வாந்தி நின்றாலும் வீட்டில் இருக்காமல் 108-ஐ அழையுங்கள். மிச்சக் காளானையும், சமைத்த குழம்பையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.