தனி மேசையில் அமர்ந்த நடிகை

1940ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே அம்பாசிடர் ஹோட்டலில் ஒஸ்கார் விருது விழா நடைபெற்றது. ‘கோன் வித் த விண்ட்’ என்னும் படத்தில் நடித்தமைக்காகச் சிறந்த துணை நடிகைக்குரிய பரிசை வென்றவர் ஹெட்டி மெக்டானியல் அம்மையார். ஆனால் அவர் தம்மோடு நடித்தவர்கள் கூடியிருந்த மேசையில் அமரவில்லை. மண்டபத்தின் ஓரத்தில், சுவரை ஒட்டியிருந்த ஒரு சிறு மேசையில் அமர்ந்திருந்தார். கறுப்பினத்தாரை உள்ளே விடாத ஹோட்டல் அது. படத்தின் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தனிச்சலுகை கேட்டுப் பெற்றிராவிடின், பரிசுக்குரியவர் வாயிலையே தாண்டியிருக்க முடியாது.

ஒஸ்கார் பெற்ற முதற் கறுப்பினக் கலைஞர் என்று இவரைப் போற்றுவோர் உளர். பணிப்பெண் வேடத்தையே மீண்டும் மீண்டும் புனைந்து சொந்த இனத்தைத் தாழ்த்தியவர் என்று தூற்றுவோரும் உளர். தூற்றியோர் பகைவர் அல்லர். அவருடைய சொந்த மக்களின் உரிமைக்குப் பாடுபட்டவர்களே. அதனாற்றான் இவ்வழக்கை நாம் எடுத்துப் பேச விழைகின்றோம்.

அம்மையாரின் தந்தை அடிமையாய்ப் பிறந்தவர். அடிமை முறைக்கு எதிராய் நின்ற வடபுலப் படையிற் சேர்ந்து உள்நாட்டுப் போரிற் போர் புரிந்தவர். பதின்மூன்று பிள்ளைகளுள் இவரே கடைக்குட்டி. டென்வர் நகரில் வளர்ந்த காலத்திலேயே தமையன்மாரின் நாடகக் குழுவிற் பாடியும் ஆடியும் மேடையேறினார். ஊர் ஊராய்ச் செல்லும் கூடார மேடைகளில் ஆண்டுக்கணக்காய் உழைத்தார். 1929இல் பங்குச் சந்தை வீழ்ந்தபோது அவர் சேர்ந்திருந்த குழுவும் கலைந்தது. மில்வோக்கி நகருக்கருகே ஓர் இரவு விடுதியில் அவருக்குக் கிடைத்த வேலை என்ன? கழிப்பறைப் பணி! ஓரிரவு பாட வாய்ப்புக் கிடைத்தது, பாடினார், அதன்பின் அவ்விடுதியின் பாடகியே அவர்தாம். 1931இல் ஹொலிவூட் சென்ற பின்னரும், படவேலை இல்லாத நாள்களில் பிறர் வீட்டுத் துணி வெளுத்தே வயிறு கழுவினார்.

பணிப்பெண்ணாக நடித்தது இழிவென்போர் இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். பணிப்பெண்ணாகவே வாழ்ந்தும் பார்த்தவர் அவர். ஹொலிவூட்டின் கதவுகளுள் கறுப்பினப் பெண்ணுக்குத் திறந்திருந்தது சமையலறைக் கதவு ஒன்றே. அதனூடே நுழைந்தவரைக் குற்றவாளி என்பதா? ஏனைய கதவுகளைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டவர்களை என்னென்பது?

எதிர்த்தோர் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. வோல்டர் வைற் என்னும் பெருந்தலைவர் 1942இல் ஹொலிவூட் சென்று, கறுப்பினத்தாரைக் கோமாளிகளாயும் ஏவலர்களாயும் மாத்திரமே காட்டுதல் தகாதென்று வாதாடினார். வாதம் முற்றிலும் சரியானது. அந்தப் படமோ அடிமைத்தனத்தைப் பொற்காலமெனப் பூசி மெழுகுகின்றது. அம்மையார் ஏற்ற பாத்திரத்துக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. தாதியைக் குறிக்கும் சொல்லே பெயர். ஆயினும் எசமானியின் பொய்யை ஒரு நொடியில் உணர்ந்துகொள்ளும் அந்தப் பார்வையும், கடிந்துகொள்ளும் அந்தக் குரலும் கதாசிரியர் கொடுத்தவையல்ல. படம் பொய் சொல்கின்றது. அவர் முகம் பொய் சொல்லவில்லை என்பதே நமது கருத்து.

அதே படத்தின் முதற்காட்சி 1939 டிசம்பரில் அத்திலாந்தாவில் நடந்தபோது, அம்மாநிலத்தின் நிறப்பாகுபாட்டினால் அம்மையார் அவ்விழாவிற் கலந்துகொள்ள இயலவில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும்.

அடங்கிப் போனவர் என்று இவரை எண்ணுவோர் அறியாத வரலாறு வேறொன்று உண்டு. நம்மிடையே காணியும் காணி உறுதியும் என்னவென்று அறியாதார் இலர். லொஸ் ஏஞ்சலிஸின் வெஸ்ற் அடம்ஸ் பகுதியில் வீடுகளின் உறுதிகளிலேயே, வெள்ளையரல்லாதார் குடியிருத்தல் ஆகாதென நிபந்தனை எழுதி வைத்திருந்தனர். அம்மையாரும் வேறு பல கறுப்பினக் குடும்பத்தினரும் அங்கே வீடு வாங்கிக் குடிபுகுந்தனர். வெள்ளை அயலவர் அவர்களை வெளியேற்ற வழக்குத் தொடுத்தனர். அம்மையார் அஞ்சி விற்றுவிட்டுப் போகவில்லை. அயலாரைத் தம் வீட்டிற் கூட்டிக் கலந்து பேசி, லோரன் மில்லர் என்ற கறுப்பின வழக்கறிஞரைக் கொண்டு எதிர்வழக்காடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தேர்மண்ட் கிளாக் அவ்விடத்தை நேரிற் சென்று பார்த்துவிட்டு, அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் எல்லார்க்கும் சம பாதுகாப்பு அளிக்கின்றது எனக் காட்டி வழக்கைத் தள்ளினார். மூன்றாண்டின் பின், 1948இல், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்ற முடியாதென அமெரிக்க உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவ்வழக்குகளிலும் வாதாடியவர்களுள் மில்லர் ஒருவர்.

பணிப்பெண் வேடத்திற் கண்ட குனிவை வாழ்விலே யார் கண்டார்?

1947இல் ‘பியூலா’ என்னும் வானொலி நாடகத்தின் தலைமைப் பாத்திரம் இவரிடம் வந்தது. கறுப்பினப் பணிப்பெண்ணான அப்பாத்திரத்துக்கு முன்னர்க் குரல் கொடுத்தவர் ஒரு வெள்ளை ஆண்மகன்! பணிப்பெண் வேடத்தைக்கூடக் கறுப்பினப் பெண்ணுக்குக் கொடுக்க மனமில்லாதிருந்த உலகம் அது.

1952 ஒக்டோபர் 26இல் அம்மையார் காலமானார். ஒஸ்கார் பரிசுப் பலகையை வொஷிங்டன் ஹவாட் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார். அது அங்கிருந்து காணாமற்போய்ப் பல்லாண்டுகள் கழிந்தன. 2023இல் ஒஸ்கார் கழகத்தார் மாற்றுப் பலகையொன்று செய்து கொடுத்தனர். ஹொலிவூட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டுமென்பது அவரது மற்றோர் ஆசை. கறுப்பினத்தாருக்கு அங்கு இடமில்லையென மறுத்துவிட்டனர். ரோஸ்டேல் மயானத்தில் அடக்கம் நடந்தது. 1999இல் அதே ஹொலிவூட் மயானத்தின் புதிய உரிமையாளர், உடலை அங்கே மாற்றலாமென முன்வந்தார். குடும்பத்தார் இணங்கவில்லை. நினைவுக்கல் மாத்திரம் அங்கே நாட்டப்பட்டது. உடல் ரோஸ்டேலிலேயே இருக்கின்றது.