இரவற் கால்கள்

விளையாட்டைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இலக்கியப் பகுதியில் இடமுண்டா என்று ஐயுறும் அன்பர்கள் இருக்கலாம். ஒரு சமுதாயம் எதைத் தன் கையால் வளர்க்கிறது, எதை விலை கொடுத்து வாங்குகிறது என்பது அதன் பண்பாட்டைத் தொட்ட வினா. அவ்வினா கலைக்கு எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவு உதைபந்தாட்டத்துக்கும் பொருந்தும். பிறநாட்டு வீரரை நமது கழகங்கள் ஒப்பந்தஞ் செய்து ஆடவைப்பது தகுமா, தகாதா என்ற விவாதத்தை அந்த நோக்கிலேயே இங்கு எடுத்துக்கொள்வோம்.

நிலாவெளியைக் கடந்து புல்மோட்டைப் பாதையில் வடக்கு நோக்கிச் செல்வோர், களப்பும் கடலும் சந்திக்குமிடத்தில் ஒரு பாலத்தைத் தாண்டுவர். அங்கேதான் இறக்கக்கண்டி. கடலை நம்பி வாழும் ஊர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையின் அடியைத் தாங்கிய கரை. மாலையானால் மணலிலே கோல் கம்பங்களுக்குப் பதிலாக இரு தடிகளை நட்டுப் பந்தை உதைக்கும் சிறுவரை இக்கரையோரக் கிராமங்கள் எங்கணும் காணலாம். வெறுங்காலால் ஈரமணலில் ஓடிப் பழகியவனுக்குப் புற்றரை பூப்போன்றது. ஆயினும் இறக்கக்கண்டி மணலிலிருந்து திருகோணமலை மக்கெய்சர் மைதானத்துக்கும், அங்கிருந்து கொழும்புக்கும், அதன் பின் தேசிய அணிக்கும் போகும் பாதை எத்தகையது? பிறநாட்டு வீரரைப் பற்றிய வாதம் இந்தப் பாதையைத்தான் முதலில் நோக்கவேண்டும்.

இலங்கையில் இவ்வாதம் புதிதன்று. நைஜீரியா, கானா முதலிய மேற்கு ஆபிரிக்க நாடுகளின் இளைஞர்கள் கொழும்புக் கழகங்களின் சட்டையணிந்து ஆடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2021இல் பத்துக் கழகங்களுடன் சுப்பர் லீக் என்ற பெயரில் நாட்டின் முதலாவது தொழின்முறைப் போட்டி தொடங்கியது. அதில் முதலிடம் பெற்ற களுத்துறை புளூ ஸ்டார் கழகம், 2022 ஏப்பிரலில் ஆசியக் கிண்ணக் கழகப் போட்டியின் தகுதிகாண் சுற்றில் நேபாளத்தின் மச்சிந்திரா கழகத்தை 2–1 என வென்றது. அடுத்த சுற்றில் கொல்கத்தா சென்று மோகன் பகானிடம் 0–5 எனத் தோற்றது. மோகன் பகான் அணியில் பின்லாந்தின் ஜோனி கௌகோவும் அவுஸ்திரேலியாவின் டேவிட் வில்லியம்சும் இருந்தார்கள். அவர்களோடு தோள்சேர்ந்து ஆடிப் பழகிய மன்வீர் சிங் போன்ற இந்திய வீரர்களும் இருந்தார்கள். அந்த ஐந்து கோல் இடைவெளியைக் கண்டவர் இருவகையாகப் பேசினர். நாமும் பிறநாட்டாரை வாங்கவேண்டும் என்றனர் ஒரு சாரார். நமது அடித்தளமே இல்லாதபோது கூரைக்கு ஓடு வாங்கி என்ன பயன் என்றனர் மறுசாரார்.

இரண்டு வாதங்களையும் நடுநின்று நோக்குவோம்.

வாங்கவேண்டும் என்போர் பக்கத்தில் வலுவான சான்றுகள் உண்டு. கொல்கத்தாவையே எடுத்துக்கொள்வோம். 1911இல் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யோர்க்சயர் படையணியை 2–1 என வென்று கேடயம் பெற்ற மோகன் பகான் கழகம், பிறநாட்டு வீரரைச் சேர்ப்பதில்லை என்ற நோன்பை நெடுங்காலம் காத்து வந்தது. எதிர்வீட்டுக்காரரான ஈஸ்ட் பெங்கால் கழகமோ 1980இல் ஈரானியரான மஜீத் பிஷ்கரைச் சேர்த்துக்கொண்டது. அலிகார் பல்கலைக்கழகத்தில் பயிலவந்த அவர், 1978 உலகக் கிண்ணத்துக்குச் சென்ற ஈரான் அணியில் இடம்பெற்றவர். அவருடைய ஆட்டத்தைக் கண்ட வங்காள இரசிகர்கள் அதனை இன்றும் கதைகதையாகச் சொல்வார்கள். இறுதியில் 1991இல் மோகன் பகானும் நைஜீரியரான சீமா ஒக்கோரியைச் சேர்த்து நோன்பை முடித்துக்கொண்டது. அதனால் அக்கழகம் தன் மானத்தை இழந்துவிடவில்லை. தன்னினும் வல்லவனோடு நாள்தோறும் பயிற்சி செய்வதைப் போன்ற ஆசிரியம் வேறில்லை என்பதை மாணவரும் ஆசிரியரும் நன்கறிவர்.

இன்னும் சிறந்த சான்று யப்பான். 1991இல், அந்நாட்டில் தொழின்முறை லீக் பிறப்பதற்கு முன்னரே, பிறேசிலின் ஸீக்கோ ஓர் உருக்குத் தொழிற்சாலையின் அணியில் சேர்ந்தார். 1993இல் பத்துக் கழகங்களுடன் ஜே லீக் தொடங்கியபோது அவ்வணி கஷிமா அன்ட்லர்ஸ் ஆயிற்று. அதுவரை உலகக் கிண்ண வாயிலையே மிதித்தறியாத யப்பான் 1998இல் முதன்முறையாக உள்ளே நுழைந்தது. அதன் பின் ஒரு முறையேனும் வெளியே நின்றதில்லை. 2022இல் ஜேர்மனியையும் ஸ்பெயினையும் ஒரே சுற்றில் தோற்கடித்தது. ஸீக்கோவே 2002 முதல் 2006 வரை அந்நாட்டுத் தேசிய அணியின் பயிற்றுநராக விளங்கினார். விருந்தாளி ஆசானாகிய கதை இது.

ஆனால் யப்பானின் வெற்றிக்கு ஸீக்கோ ஒருவரே காரணம் என்று கொள்வது பாதிக் கணக்கு. லீக்கில் இடம்பெறும் ஒவ்வொரு கழகமும் இளையோர் அணிகளை நடத்தவேண்டும் என்பது அங்கு விதி. புகழ்பெற்ற வீரர் பெரியவர்களுக்குக் கற்பித்த அதே நாட்களில், பக்கத்து மைதானத்தில் சிறுவர் பயின்றார்கள். வாங்கியதும் வளர்த்ததும் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

அந்தக் கூரையில்லாமல் வாங்கியவர்களின் கதை சீனத்தில் நடந்தது. 2016இன் இறுதியில் பிறேசிலின் ஒஸ்காரை ஷங்காய்க் கழகம் ஏறத்தாழ ஆறு கோடி யூரோவுக்கு வாங்கியது. குவாங்சோ எவர்கிராண்ட் 2013இலும் 2015இலும் ஆசியக் கழகங்களின் முடியைச் சூடியது. கட்டட வணிகத்தின் பணம் வற்றியதும் காட்சி மாறியது. ஜியாங்சு கழகம் 2020இல் சீன லீக்கை வென்று சில மாதங்களே சென்ற நிலையில், 2021 பெப்ரவரியில் கதவை மூடிற்று. குவாங்சோ கழகமும் 2025 ஜனவரியில் கலைந்தது. 2002இல் ஒருமுறை மட்டும் உலகக் கிண்ணத்தைக் கண்ட சீனம், 2026 போட்டிக்கும் தகுதி பெறவில்லை. கோடிகள் போயின, மைதானத்தில் மிஞ்சியது என்ன என்பதே கேள்வி.

நமக்கு அண்மையில் உள்ள தமிழகத்தின் பாடம் நுட்பமானது. 2014இல் இந்திய சுப்பர் லீக் தொடங்கியபோது பதினொருவரில் அறுவர் பிறநாட்டாராக இருக்க இடமிருந்தது. 2017–18இல் ஐவராயினர், 2021–22இல் நால்வராயினர். சென்னையின் எப்.சி. 2015இலும் 2018இலும் கிண்ணத்தை வென்றது. 2015இல் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா 13 கோல்கள் அடித்து அப்போட்டியின் முதன்மை வீரரானார். மிசோரமிலிருந்து வந்த ஜேஜே லல்பெக்லுவா அவரோடு இணைந்து ஆடி மெருகேறினார். இது நன்மை. 2018 மார்ச் 17ஆம் நாள் பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்தில் சென்னை 3–2 என வென்றது. அந்த மூன்று கோல்களையும் அடித்தவர்கள் பிறேசிலியரே: மெயில்சன் அல்வெஸ் இரண்டு, ரபேல் அகஸ்டோ ஒன்று. எதிரணிக்காக முதற்கோலை அடித்தவர் சுனில் சேத்ரி.

சேத்ரியின் பெயர் நம்மைச் சிந்திக்கவைக்கிறது. அவர் நாட்டுக்காக 94 கோல்கள் அடித்து, 2024 ஜூனில் கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு விடைபெற்றார். அவரது இடத்தை நிரப்ப ஒருவரும் அகப்படவில்லை. 2025 மார்ச்சில், நாற்பது வயதில், அவரையே மீண்டும் அழைத்தார்கள். ஷில்லாங்கில் மாலைதீவுக்கு எதிராக வந்த முதல் ஆட்டத்திலேயே கோலும் அடித்தார். அவரைப் போற்றுவோம், ஆயினும் நூற்றுநாற்பது கோடி மக்களைக் கொண்ட நாட்டுக்கு இது பெருமையா? கழகங்கள் பெரும்பாலும் நடுமுன்னணி இடத்துக்கே பிறநாட்டாரை அமர்த்தின. கோல் அடிப்பது எல்லாவற்றிலும் அருமையான வேலை. ஆதலால் அதற்கே அதிக விலை கொடுத்தார்கள். அந்த இடத்தில் பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பழகவேண்டிய உள்ளூர் இளைஞன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான், அல்லது வாங்கில் அமர்ந்தான். ஒரு நாட்டின் தொழிலில் எந்தக் கருவி இரவலோ, அந்தக் கருவியைச் செய்யும் கை அங்கு மறக்கப்படுகிறது.

அப்படியானால் கதவை அடைத்துவிடலாமா? இத்தாலி அடைத்துப் பார்த்தது. 1966 உலகக் கிண்ணத்தில் வட கொரியாவிடம் 0–1 எனத் தோற்ற வெட்கத்தில், பிறநாட்டு வீரரை வாங்குவதையே தடுத்தது. அத்தடை 1980 வரை நீடித்தது. 1982இல் இத்தாலி உலகக் கிண்ணத்தை வென்றதும் உண்மை. ஆனால் கதவு திறந்து கால்நூற்றாண்டுக்குப் பின், பிறநாட்டு வீரர் நிறைந்திருந்த காலத்தில், 2006இலும் அதே நாடு வென்றது. கதவு அடைத்திருந்தபோதும் திறந்திருந்தபோதும் வீட்டுக்குள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பதே இதன் பொருள். அடுப்பு எரியாத வீட்டுக்குக் கதவைப் பற்றிய விவாதம் எதற்கு?

இந்த இடத்தில் வேறொரு வகையினரைப் பிரித்தறிதல் வேண்டும். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் இன்று இலங்கைத் தேசிய அணிக்கு வருகிறார்கள். ஜேர்மனியில் வளர்ந்த வசீம் ராசிக் 2021 ஜூனில் லெபனானுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தார். ஆட்டம் 2–3 எனத் தோல்வியில் முடிந்தாலும் அவ்விரு கோல்கள் நம்பிக்கை தந்தன. ஜேர்மனியிலிருந்து குளோடியோ கம்மர்நெக்ட், இலண்டனிலிருந்து டிலன் டி சில்வா, சுவீடனிலிருந்து ஆதவன் ராஜமோகன் என்று அவ்வரிசை நீண்டது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்குள் நுழைந்த இலங்கை, 2025 ஜூனில் சீனத் தாய்ப்பேயைக் கொழும்பில் 3–1 என வென்றது. 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை பீபாவின் தடையில் கிடந்த ஒரு நாட்டுக்கு இது சிறு செயலன்று. இவர்கள் விலைக்கு வந்தவர்களல்லர்; உறவால் வந்தவர்கள். ஆயினும் இவர்களை உருவாக்கிய மைதானங்கள் ஐரோப்பாவில் உள்ளன. தேசிய அணி உயர்ந்தும், நமது ஊர்க் கழகங்கள் இருந்த இடத்திலேயே இருக்குமாயின், அந்த உயர்வும் வேர் வெளியூரில் உள்ள மரத்தின் நிழலே.

திருகோணமலைக் கரையோரத்தார்க்கு இதனை விளக்க ஓர் உவமை கைவசமுண்டு. தென்மேற்குப் பருவத்தில் தங்கள் கடல் கொந்தளிக்கும்போது, மேற்குக் கரை மீனவர்கள் இங்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். பருவம் மாறியதும் போய்விடுவார்கள். அவர்களோடு வலையிழுத்துப் புதிய முறையொன்றைக் கற்றுக்கொண்டவனுக்கு அவர்கள் வருகை வரவு. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அவர்கள் விட்டுப்போன வெறும் வாடியே எஞ்சும். வந்தவரிடம் குறை ஏதும் இல்லை. நாம் வலையைத் தொட்டோமா என்பதே வேறுபாடு.

ஆகவே வாங்கலாம்; ஆனால் எப்போது, எவ்வாறு என்பதே முடிவு செய்யத்தக்கது. உள்ளூர் வீரரின் ஊதியத்தை மாதந்தவறாது கொடுக்க இயலாத கழகம் பிறநாட்டாரைத் தேடுதல் முறையன்று. இளையோர் அணியில்லாத கழகத்துக்கும் அந்த உரிமை கூடாது. பிறநாட்டாரின் எண்ணிக்கை களத்தில் இருவர், மூவருக்கு மேற்படாதிருக்கட்டும். அவர்கள் எல்லோரும் முன்னணியில் நில்லாதிருக்கட்டும். வாரத்தில் சில மணி நேரமேனும் சிறுவர்க்குப் பயிற்சியளிப்பது அவர்தம் ஒப்பந்தத்திலேயே எழுதப்படட்டும். இவ்விதிகளைச் சம்மேளனம் வகுத்தால், வசதிபடைத்த கழகம் மட்டும் தப்பித்துக்கொள்ளும் நிலை இராது.

கிண்ணத்து ஆட்டம் நெருங்கும்போது அயலூர் ஆட்டக்காரரை இரவல் வாங்கும் நமது கிராமக் கழகங்களும் இதே கண்ணாடியில் தம்மைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மாலை வெற்றிக்காக ஆண்டு முழுதும் ஆடிய பையனை ஓரத்தில் நிறுத்துவது, கொழும்பில் நடப்பதன் சிறு வடிவமே.

கிராமக் கழகங்களுக்கு ஆக்கமான வழி ஒன்றும் உண்டு. பலர் அதனை அறியார். ஒரு தொழின்முறை வீரர் ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு விலைக்கு மாறும்போது, அவ்விலையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அவரைப் 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்கு உரியது என்பது பீபாவின் விதி. 12 முதல் 15 வயது வரையான நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்குக் கால் வீதம். அதற்குப் பிந்திய எட்டு ஆண்டுகளுக்கு அரை வீதம். ஒரு கோடி ரூபாய்க்கு ஒருவர் மாறினால், அந்த முதல் நான்கு ஆண்டுகளில் அவரை வளர்த்த கழகத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் சேரவேண்டும். இப்பணத்தைப் பங்கிடுவதற்கென்றே 2022இல் பாரிஸ் நகரில் பீபா ஒரு தீர்வகத்தை நிறுவியது. ஆனால் கழகம் முறைப்படி சங்கத்தோடு இணைந்திருக்கவேண்டும். சிறுவனின் பெயரும் பிறந்த நாளும் அந்தந்த ஆண்டிலேயே பதிவாகியிருக்கவேண்டும். பதிவில்லாத வியர்வைக்குப் பங்கில்லை.

ஊர்தோறும் உள்ள ஆசிரியர்களின் உதவி இங்கேதான் வேண்டும். பாடசாலைப் பதிவேட்டை ஒழுங்காகப் பேணும் கை, கழகத்தின் பதிவேட்டையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். மாலையில் மணலில் ஆடும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் பெயர் அதில் இருக்கிறதா? பிறநாட்டு வீரரை வாங்குவதா என்ற வழக்கைக் கொழும்பிலுள்ளோர் இன்னும் பல காலம் பேசிக்கொண்டிருப்பர். இறக்கக்கண்டியில் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் போதும், நாளையே தொடங்கலாம்.