பெயரில்லாத மழை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் சங்கத்து நண்பர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் புயலில்தான் போய் முடியும். கங்கைக் கரையில் அப்போது வானம் புளி போட்டுத் துலக்கிய தாம்பாளம் போல் இருக்கிறது. ஆயினும் விடுதியில் நம்மவர் இருக்கும் அறைகளில் மட்டும், கைப்பேசித் திரையில் வங்காள விரிகுடா சுழன்றுகொண்டே இருக்கும். கேட்கப்படும் கேள்விகள் மூன்றுதாம்: புயல் உருவாகிவிட்டதா? பெயர் வைத்துவிட்டார்களா? எங்கே கரையைக் கடக்கிறது? பெயர் வைக்கவில்லை என்று தெரிந்தால் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடுவார்கள்.

காவிரிப் பாசனப் பகுதியின் நெல்லைப் பொறுத்தமட்டில் இந்த மூன்றும் தவறான கேள்விகள் என்பது என் கட்சி. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வயலில் சாய்ந்து கிடந்த கதிரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

புயல் என்பது காற்றின் வேகத்தைக் கொண்டு வைக்கும் பெயர். மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை காற்று வீசினால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர் சூட்டு விழா. கடலுக்குப் போகிறவருக்கும் கூரை வீட்டுக்காரருக்கும் தென்னந்தோப்புக்காரருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். நெல்லுக்கு அளவுகோல் வேறு. எத்தனை சென்டிமீட்டர் பெய்தது, எத்தனை நாள் நின்றது, வடிகாலில் இறங்கிற்றா, பயிருக்கு அப்போது வயது என்ன, இவையே அதன் கணக்கு. காற்று 45 கிலோமீட்டரா 95 கிலோமீட்டரா என்பது பால் பிடிக்கும் பருவத்தில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் பயிருக்கு இரண்டாம் பட்சம்.

2020-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் என்னும் அதி தீவிரப் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறிற்று. நாடே கண் விழித்திருந்தது. ஒரு வாரம் கழித்து வந்தது புரெவி. இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்ததும் வலுவிழந்து, புயல் என்ற தகுதியையும் இழந்து, ராமநாதபுரம் கரையோரம் நகராமல் நின்றுவிட்டது. செய்தியாளர்களுக்கு அதில் சுவாரசியம் குறைந்தது. ஆனால் நின்ற இடத்திலிருந்தே அது பொழிந்த பொழிவில் டிசம்பர் 4 காலையில் அளந்தபோது கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டர், சிதம்பரத்தில் 34 சென்டிமீட்டர்! டெல்டாவின் சம்பாப் பயிர் மூழ்கியது அந்தத் தகுதியிழந்த புயலில்தான். அதற்கு முன் 2008-இல் வந்த நிஷாவும், பெயர் பெற்ற புயல்களின் வரிசையில் கடைப்படியில் நின்ற ஒன்றுதான். அது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் கொட்டியது.

2021 ஜனவரியில் புயலே இல்லை. பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற கதிர் வயலிலேயே முளைத்தது. "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்று நம் பாட்டிமார் சொன்னதை நம்பி, தை பிறந்தால் வானத்தை அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்ட ஊர்கள் எங்களுடையவை. கர்ணனைப் பற்றி எனக்குத் தெரியாது. கார்த்திகையைப் பற்றிய பாதி இனிமேல் செல்லாது.

இப்போது என் கதை. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கடைமடையில். 2023 ஜனவரி கடைசியில் சம்பா அறுவடைக்கு நின்றது. ஆந்திரா பொன்னி என்று எங்கள் பக்கம் சொல்லும் ரகம். சோற்றுக்கு அருமை, காற்று மழைக்குச் சாய்ந்துவிடும். அறுவடை இயந்திரங்கள் வெளி மாவட்டங்களிலிருந்து வருபவை. ஒரே நேரத்தில் எல்லாரும் கேட்பதால் வாடகை ஏறும். நாலைந்து நாள் பொறுத்தால் குறையும் என்று அப்பா எண்ணினார். என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கடல்ல ஏதோ இருக்குங்கிறாங்களே, நீ பாத்துச் சொல்லு. வண்டிய இப்பவே விடவா, பொறுக்கவா?"

நான் பார்த்தேன். தென்மேற்கு வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம். பெயர் இல்லை. அம்புக்குறி இலங்கையை நோக்கி இருந்தது. "புயல் இல்லப்பா, அது இலங்கைக்குப் போவுது. நீங்க பொறுங்க" என்றேன். எம்.எஸ்ஸி. படிக்கும் பிள்ளை சொன்னால் அப்பா மறுப்பாரா?

அது இலங்கைக்குத்தான் போயிற்று. நான் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டா முழுவதும் மழை பெய்தது. எங்கள் மூன்று ஏக்கரும் பாய் விரித்தது போல் படுத்துவிட்டது. சேற்றில் டயர் வண்டி இறங்காது என்பதால் பெல்ட் வண்டி வைக்க வேண்டியதாயிற்று. அதற்கு வாடகை அதிகம், நேரமும் இரண்டு மடங்கு. அறுத்த நெல் ஈரம். கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது பொது விதி. ரோட்டில் கொட்டிக் காய வைத்து, மூடி, மறுபடி கொட்டி, அம்மாவும் அத்தையும் நாலு இரவு தார்ப்பாய்க்குக் காவல் இருந்தார்கள். அப்பா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வானிலைத் துறை ஏமாற்றிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. டெல்டா மாவட்டங்களில் கனமழை பெய்யும் என்ற அறிவிப்பு அந்தப் படத்துக்குக் கீழேயே இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. பெயரைத் தேடினேன், அம்பைப் பார்த்தேன், மூடிவிட்டேன். படித்தவனே இப்படி என்றால் வயலில் நிற்பவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

துறையைப் பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டத்தான் வேண்டும். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலில் மாண்டவர் ஐந்நூறுக்கு மேல். 2018 நவம்பர் 16 விடியற்காலம் கஜா நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கடந்தபோது, முன்னரே எண்பதாயிரம் பேரளவில் முகாம்களுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். உயிரிழப்பு நூறை எட்டவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை இலட்சக்கணக்கில் விழுந்தது. தென்னையை எந்த எச்சரிக்கையாலும் முகாமுக்கு அழைத்துப் போக முடியாது. காற்றைக் கொண்டு செய்யும் எச்சரிக்கை, உயிரைக் காக்கும் வேலையைச் செவ்வனே செய்கிறது. பயிரைக் காக்கும் எச்சரிக்கை வேறு ஜாதி என்பதே நான் சொல்வது.

எப்படி வேறு? ஓர் உதாரணம். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்று செய்தி வருகிறது. நிறத்தின் பொருள் நிர்வாகிகளுக்குத் தெரியும்: ஆயத்தமாக இருங்கள். மிகக் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை என்று பட்டியலும் இருக்கிறது. நவம்பர் நடுவில் எங்கள் ஊர்க்காரர் கையில் யூரியா மூட்டையோடு வரப்பில் நிற்கிறார். அவருக்குத் தெரிய வேண்டியது இன்று தூவலாமா, தூவினால் நாளை வடிகாலோடு போய்விடுமா என்பது. குருத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கக் கூலியாள் பேசியவருக்கு, அடித்தபின் ஆறு மணி நேரமாவது மழை விடுமா என்பது. பூக்கும் பருவத்துப் பயிர்க்காரருக்குக் கவலை வேறு. காலை வேளையில் அடைமழை பிடித்தால் மகரந்தம் கழுவுண்டு பதர் விழும். நட்டுப் பத்து நாள் ஆன பயிர் மூழ்குவதும் கதிர் வந்த பயிர் மூழ்குவதும் ஒன்றல்ல. சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகம் இளம் பருவத்தில் இரண்டு வாரம் நீருக்குள் கிடந்தாலும் எழுந்துகொள்ளும், மற்றவை அழுகும். ஒரே ஆரஞ்சு நிறம் இத்தனை பேருக்கும் என்ன சொல்ல முடியும்?

மாவட்ட எல்லை தாசில்தாருக்கு உரியது, தண்ணீருக்கு உரியதன்று. தஞ்சை மாவட்டத்தில் பெய்த மழை எங்கள் கடைமடைக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்து சேரும். நிலத்தின் சரிவு அவ்வளவு குறைவு. வெண்ணாறும் வெட்டாறும் கொண்டு வருகிற நீர் கடலில் இறங்க வேண்டும். கடலோ அப்போது பொங்கி முகத்துவாரத்தை அடைத்து நிற்கும். வடிகாலில் ஆகாயத்தாமரை வேறு. ஆக, எங்கள் ஊரில் ஒரு துளி விழாத நாளிலும் எங்கள் பயிர் மூழ்கலாம். மழை முன்னறிவிப்பு மட்டும் போதாது, வடியும் முன்னறிவிப்பும் வேண்டும். மேல்மடையில் இத்தனை சென்டிமீட்டர் பெய்திருக்கிறது, வடிகாலில் இவ்வளவு உயரம், இன்ன நாளில் உங்கள் வரப்புக்கு வரும் என்று ஒருவர் சொன்னால், எங்கள் பக்கத்தார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாக வாய்க்காலை வெட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அதில் அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இந்த எண்ணம் புதிதன்று. 1932-லேயே புனாவில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கப்பட்டது. பாலக்காட்டில் பிறந்த எல். ஏ. ராமதாஸ் அதை வளர்த்தவர். தரைக்கு மேல் சில அடி உயரத்துக்குள், பயிரின் மட்டத்தில், வெப்பமும் ஈரமும் எப்படி மாறுகின்றன என்று அளந்தவர் அவர். 1945 முதல் வானொலியில் விவசாயிகளுக்கென்று தனி வானிலை அறிக்கை வாசிக்கப்பட்டது. அந்த மரபில் வந்ததுதான் 2018-இல் தொடங்கிய மாவட்ட வேளாண் வானிலை அலகுகள். வேளாண் அறிவியல் நிலையங்களில் 199 அலகுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அலுவலர், ஓர் உதவியாளர். செவ்வாயும் வெள்ளியும் உள்ளூர் மொழியில் ஆலோசனை. மழை இத்தனை என்பதோடு நிற்காமல், ஆகவே இதைச் செய், இதைச் செய்யாதே என்று சொல்லும் ஆட்கள்.

2024 மார்ச்சோடு அந்த அலகுகள் நிறுத்தப்பட்டன. தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன, ஆட்கள் தேவையில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. மீண்டும் தொடங்க வேண்டும் என்ற கோரிக்கையும் உடனே எழுந்தது. அதே 2024 அக்டோபரில் ஊராட்சி தோறும் முன்னறிவிப்பு வழங்கும் திட்டம் வந்தது. 2025 மே மாதத்தில் 12 கிலோமீட்டராக இருந்த கணிப்புக் கட்டத்தை 6 கிலோமீட்டராகச் சுருக்கிய புதிய கணினி முறையும் வந்தது. மிக நல்ல காரியங்கள், மறுக்கவில்லை. ஆனால் விசித்திரத்தைப் பாருங்கள். எண் எங்கள் ஊர் வாசல் வரை வந்துவிட்டது. அந்த எண்ணுக்குப் பொருள் சொல்பவர் போய்விட்டார்! மருந்துக் கடையைத் தெருத்தோறும் திறந்துவிட்டு வைத்தியரை அனுப்பிவிட்டது போல.

இது சோற்றுக்காரர்களின் தனி வழக்கு என்று இங்குள்ள வடநாட்டு நண்பர்கள் எண்ணிவிட வேண்டாம். 2015 மார்ச்சில் அறுவடைக்கு நின்ற கோதுமை ஆலங்கட்டியிலும் மழையிலும் படுத்ததை இந்த மாநிலத்துக் குடியானவர் இன்னும் சொல்கிறார். அந்த மழைக்கும் பெயர் கிடையாது. விடுதிச் சமையற்கட்டில் ரொட்டி சுடும் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் கேட்டதும் இதையேதான்: "மழை வரும் என்கிறார்கள் சாஹிப், அறுக்கச் சொல்கிறார்களா, நிறுத்தச் சொல்கிறார்களா?"

ஆகவே என் கோரிக்கை சுருக்கமானது. அலகு என்று அழைத்தாலும் சரி, வேறு பெயர் இட்டாலும் சரி, வட்டாரத்துக்கு ஒருவரேனும் வேண்டும். பயிரையும் வடிகாலையும் வானத்தையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவராக, பெயரும் தொலைபேசி எண்ணும் ஊரார் அறிந்தவராக. அவர் தவறாகச் சொன்னால் மறுநாள் வரப்பில் நிறுத்திக் கேட்கும்படியாக இருக்க வேண்டும். கணினியை அப்படிக் கேட்க முடியாது. ஆண்டுக்கு இருவர் சம்பளம் என்பது ஒரு மாவட்டத்தின் ஒரு நாள் வெள்ள நிவாரணத்துக்கு எம்மாத்திரம்?

அதுவரை சும்மா இருப்பானேன் என்று 2023-க்குப் பிறகு நானே ஒரு சிறு வேலையில் இறங்கியிருக்கிறேன். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, மாலை 7 மணிக்கு எங்கள் ஊரார் இருபது இருபத்தைந்து பேருக்குத் தமிழில் மூன்று வரி. புயலின் பெயர் அதில் வராது. மழை எவ்வளவு, எப்போது, மேல்மடையில் எவ்வளவு, காரைக்கால் ராடாரில் தெரிவது என்ன. நான் வானிலை படித்தவன் அல்லன், வேதியியல் மாணவன். ஆகவே துறை சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை. பல முறை சரியாக இருந்தது, சில முறை இல்லை. நம் சங்கத்தில் இயற்பியல், நிலவியல் படிக்கும் நண்பர்கள் உண்டு. தத்தம் ஊருக்கு இதைச் செய்ய முன்வருவோர் என் அறைக்கு வரலாம். எந்தப் பக்கத்தில் எதைப் பார்ப்பது என்று அரை மணியில் காட்டிவிடுவேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் கீழத்தெருப் பெரியப்பாவிடமிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது: "நாளைக்கு மருந்தடிக்க ஆள் சொல்லிருக்கேன். அடிக்கலாமா தம்பி?" இன்னும் பதில் எழுதவில்லை. இரவுப் படம் வந்ததும் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.