ஞாயிற்றுக்கிழமை எங்கே உட்காருவது?

வெளிநாட்டில் வேலை பார்ப்பவன் விடுப்பில் ஊருக்குப் போனால், கேள்விகள் வரிசையாக வரும். சம்பளம் எவ்வளவு? வாடகை, சாப்பாடு போக என்ன மிஞ்சும்? அடுத்து எப்போது வருவாய்? ஞாயிற்றுக்கிழமை அங்கே எங்கே போவாய் என்று மட்டும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. வேலை நாள் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். காலையில் கிளம்ப வேண்டும், சொன்ன வேலையை முடிக்க வேண்டும், ராத்திரி வந்து படுக்க வேண்டும். அந்த ஆறு நாளும் முதலாளி பாடு. ஏழாவது நாள் யார் பாடு என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம் தெரியும்.

சிங்கப்பூரில் எனக்கு அலுவலக வேலை. வேலை நிமித்தம் ஹாங்காங், தைப்பே என்று அவ்வப்போது போய்வருவேன். கையில் இருப்பது எம்ப்ளாய்மென்ட் பாஸ். இந்தப் பாஸில் புதிதாக வருபவருக்கு மாதச் சம்பளம் குறைந்தது 5,600 வெள்ளி இருக்க வேண்டும் என்பது 2025 முதல் விதி. ஆறாயிரம் வாங்கினால் மனைவி மக்களையும் அழைத்துக்கொள்ளலாம். கட்டுமானம், வீட்டு வேலை போன்றவற்றுக்கு ஒர்க் பெர்மிட்டில் வருபவருக்கு அது கிடையாது. பத்து வருஷம் இருந்தாலும் தனி ஆள்தான். இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் பேசப்படாதது ஞாயிற்றுக்கிழமை. என் ஞாயிறு தாமதமாக எழுவதில் தொடங்கும். காப்பிக்கடை, நூலகம், மாலையில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை. எங்கும் போகப் பிடிக்கவில்லை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். வாடகை கட்டுகிறேன், கதவு என்னுடையது.

வீட்டு வேலைக்கு வந்த பெண்ணுக்கு அந்தக் கதவு இல்லை. அவர் தங்குமிடமும் வேலையிடமும் ஒன்று. விடுப்பு நாளில் வீட்டிலேயே இருந்தால், 'சும்மாதானே இருக்கே, இந்தப் பாத்திரத்தை மட்டும் கழுவிடேன்' என்று குரல் வரும். கட்டுமானத் தொழிலாளிக்கு இருப்பது விடுதிக் கட்டில். 2021-இல் வந்த மேம்பட்ட விதிப்படி கட்டும் புதிய விடுதியில்கூட ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர் வரை. அதனால் இவர்களுக்கு ஓய்வு என்றாலே வெளியே வருவதுதான். வெளியே வந்தால் அடுத்த பிரச்சினை: காசு செலவில்லாமல், யாரும் விரட்டாமல், எங்கே உட்காருவது?

ஹாங்காங்கில் இதற்குக் கிடைத்த பதிலை ஊரே பார்க்கலாம். மொத்த மக்கள்தொகை 75 லட்சம். வெளிநாட்டிலிருந்து வந்த வீட்டுப் பணியாளர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவைச் சேர்ந்தவர்கள். ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்பது அங்கே சட்டம். முதலாளி வீட்டில்தான் தங்க வேண்டும் என்பது 2003 முதல் கட்டாயம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஞாயிறன்று அந்தப் பெண்களெல்லாம் தெருவுக்கு வந்தே ஆக வேண்டும் என்று ஆகிறது. வருகிறார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் சென்ட்ரல் வட்டாரத்துக்கு, இந்தோனேசியர்கள் விக்டோரியா பூங்காவுக்கு.

சென்ட்ரலில் எச்எஸ்பிசி வங்கித் தலைமையகத்தைக் கட்டிடக்கலை படிப்பவர்கள் அறிவார்கள். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985-இல் முடிந்த கட்டிடம். தரைத்தளத்துக்குச் சுவரே கிடையாது. யாரும் குறுக்கே நடந்து போகலாம். வாரநாளில் கோட்டு சூட்டு போட்டவர்கள் கடந்துபோகும் அந்தத் தரையில், ஞாயிறன்று அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிப்பார்கள். நான்கு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு அட்டையை நிறுத்தி டேப் ஒட்டினால் ஓர் அறை தயார். செருப்பை வெளியே வரிசையாக விட்டுவிட்டுத்தான் உள்ளே போவது. உள்ளே ஒருத்தி இன்னொருத்திக்கு நகப்பூச்சுப் போடுகிறாள், ஒருத்தி தலைவரை போர்த்தித் தூங்குகிறாள், நாலு பேர் சீட்டாடுகிறார்கள். பக்கத்தில் ஊருக்கு அனுப்பும் பெட்டியில் சோப்பு, பற்பசை, பிள்ளைகளுக்குத் துணி என்று அடைத்து, மேலே ஏறி உட்கார்ந்து மூடுகிறார்கள். வாரம் முழுக்க இன்னொருவர் வீட்டில் இருந்தவர்களுக்கு, செருப்பை வெளியே விடச் சொல்லும் அதிகாரம் அந்த அட்டைச் சுவருக்குள் கிடைக்கிறது.

அருகிலேயே சாட்டர் சாலை. ஞாயிறன்று அங்கே கார்கள் கிடையாது. 1980-களில் அதை மூட ஏற்பாடு செய்தது பணிப்பெண்களுக்காக அல்ல. காலாற நடந்து கடைகளில் வாங்க வாடிக்கையாளர் வருவார்கள் என்ற கணக்கில். வந்தவர்கள் வேறு. 1992-இல் சாலையை மறுபடி வண்டிகளுக்குத் திறக்கலாம் என்று பேச்சு எழுந்தது. பெரிய விவாதம் நடந்து அடங்கியது. இன்றும் ஞாயிறு சாட்டர் சாலை அவர்களுடையது. அதற்காக ஹாங்காங்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். என்னைப் போன்ற அலுவலக ஆள் ஏழு வருஷம் தொடர்ந்து இருந்தால் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். பணிப்பெண் இருபது வருஷம் இருந்தாலும் கேட்க முடியாது. 2013 மார்ச்சில் அங்கே உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்துவிட்டது. உட்கார ஒரு நாள் தெரு உண்டு, தங்க உரிமை இல்லை என்பதுதான் அந்த ஊர்க் கணக்கு.

தைப்பேயில் தெருவும் இல்லை, ரயில் நிலையம். தைப்பே மெயின் ஸ்டேஷனின் நடுக்கூடத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை. ஞாயிறுகளில், அதிலும் ரம்ஜான் பெருநாளை ஒட்டி, இந்தோனேசியத் தொழிலாளர்கள் அதில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வார்கள். தைவானில் வீட்டோடு இருந்து முதியவர்களைக் கவனிக்கும் பணியாளர்களுக்கு அந்நாட்டின் தொழிலாளர் தரச் சட்டமே பொருந்தாது. வாரத்துக்கொரு ஓய்வு என்பது முதலாளி பார்த்துக் கொடுப்பது. கிடைக்காதவர்களை வாரநாள் மாலையில் பூங்காக்களில் பார்க்கலாம். சக்கர நாற்காலியில் தாத்தாக்கள் ஒரு வரிசை. பின்னால் அவர்களைத் தள்ளிவந்த பெண்கள் தங்கள் மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேர விடுமுறை. 2020-இல் கொரோனாவைக் காரணம் காட்டி நிலையக் கூடத்தில் உட்காரத் தடை வந்தது. பிறகு அதையே நிரந்தரமாக்கலாம் என்று ரயில்வே யோசித்தபோது, உள்ளூர்க்காரர்கள் பலர் போய் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து எதிர்ப்புக் காட்டினார்கள். யோசனை கைவிடப்பட்டது. உட்காருவதற்கு எதிரான தடையை உட்கார்ந்தே உடைத்தார்கள்.

இனி நம் சிங்கப்பூர். இங்கே ஞாயிற்றுக்கிழமைக்கு நாட்டு வாரியாக முகவரி உண்டு. பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு ஆர்ச்சர்ட் சாலை லக்கி பிளாசா. மியன்மார்காரர்களுக்குப் பெனின்சுலா பிளாசா. இந்தோனேசியர்களுக்குப் பாய லேபார் சிட்டி பிளாசா. தாய்லாந்துக்காரர்களின் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2022-இல் விலைபோய், 2023-இல் மூடப்பட்டது, அவர்கள் சிதறிப்போனார்கள். தமிழ்நாட்டு, வங்கதேசத் தொழிலாளர்களுக்கு லிட்டில் இந்தியா வட்டாரத்தின் தேக்கா, சிராங்கூன் சாலை.

தேக்காவுக்கு ஒரு தேதி உண்டு: 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையில் சக்திவேல் குமாரவேலு என்ற 33 வயதுத் தமிழகத் தொழிலாளி தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். கலவரம் வெடித்தது. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அப்படி ஒன்றைப் பார்த்திராத ஊர் இது. விசாரணைக் குழு சொன்ன காரணங்களில் மது முக்கியமானது. 2015-இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் வாரஇறுதியில் கூடுதல் கட்டுப்பாடு. பிறகு 2020-இல் கொரோனா. விடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டார்கள். ஊர் முழுக்கத் திறந்த பிறகும் நெடுநாள்வரை அவர்களுக்கு, தொழிலாளர்களுக்கான பொழுதுபோக்கு நிலையம்வரை போகத்தான் அனுமதி. 2022 ஜூனில் வெளியேறும் அனுமதிச் சீட்டு பொதுவாக நீக்கப்பட்டபோதுகூட, ஞாயிறும் பொது விடுமுறையும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போகத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டுப் பணிப்பெண்களுக்கு வார ஓய்வு 2013 முதல் சட்டம். அதைக் காசாகக் கொடுத்து ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற வழியையும், மாதத்துக்கு ஒரு நாளாவது விட்டே தீர வேண்டும் என்று 2023-இல் குறுக்கினார்கள். கிராஞ்சி, பெஞ்சூரு போன்ற இடங்களில் பொழுதுபோக்கு நிலையங்கள் இருக்கின்றன. கடை, விளையாட்டுத் திடல், பணம் அனுப்ப வசதி, படம் என எல்லாம் உண்டு. பின்னே ஏன் தொழிலாளர்கள் எம்ஆர்டி ரயில் பிடித்துத் தேக்காவுக்கு வருகிறார்கள்?

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவரிடம் இதைக் கேட்டேன். பஃபலோ சாலை ஓரம், கையில் பரோட்டாப் பொட்டலத்தோடு நின்றிருந்தார். சென்னையில் தொழில்திறன் டெஸ்ட் அடித்து வந்தவர், விடுதி துவாஸில். "டார்ம்லயும் டிவி இருக்குண்ணே, கேரம் போர்டு இருக்கு. ஆனா அங்க என்னைத் தெரிஞ்சவன் பூராவும் கம்பெனிக்காரன். இங்க வந்தாத்தான் ஊர்க்காரன்" என்றார். அவருடைய ஊர்க்காரர்கள் கூடுவது ஒரு குறிப்பிட்ட விளக்குக் கம்பத்தடியில். முந்தைய வாரம்தான் அங்கே நின்றபடி ஊர்க்கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஆளுக்கு எவ்வளவு என்று முடிவு செய்தார்களாம். புதிதாக வந்த பையன் ஏஜென்டுக்குக் கட்டிய பணத்துக்கு வட்டி ஏறுகிறது, யார் கைமாற்றுக் கொடுப்பது என்பதும் அங்கேதான் பேசப்பட்டது. உழவர் சந்தையில் பாதி வியாபாரம், பாதி ஊர் நியாயம் நடக்கிற மாதிரிதான் இதுவும்.

அந்தத் தம்பியின் பதிலில் எனக்குத் தேவையானது எல்லாம் இருந்தது. பொழுதுபோக்கு நிலையத்தில் பொழுது போகலாம். ஆனால் விடுதிக்குப் பக்கத்தில், அதே கம்பெனி முகங்களோடு, கண்காணிப்புக் கேமராவின் கீழே கழிவது ஏழாவது நாளும் வேலை செய்வது போலத்தான் இருக்கும். வேலை செய்யும் ஊரைப் பார்க்க, ஊர் நடுவே நிற்க, வேலைக்குச் சம்பந்தமில்லாத நாலு பேரிடம் பேச வேண்டும் என்று மனிதனுக்குத் தோன்றாதா? எனக்கு அது ஈஸ்ட் கோஸ்ட்டில் கிடைக்கிறது. நான் எங்கே உட்கார்ந்தேன் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

தேக்காவில் குடியிருப்பவர்களின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஞாயிறு மாலை வீட்டுக்குக் கீழே நிற்க இடமிருக்காது. குப்பை சேரும், சத்தம் இருக்கும், மூலையில் மூத்திர நாற்றம் அடிக்கும். குறை உண்மை. அதற்குத் தேடும் மருந்துதான் தவறு. 2008-இல் சிராங்கூன் கார்டன்ஸில் தொழிலாளர் விடுதி வரப்போகிறது என்றதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். கடைசியில் விடுதிக்குத் தனிப் பாதை போட்டு, குடியிருப்பில் கால் படாமல் போய்வரும்படி செய்தார்கள். தேக்காவிலும் சில புளோக்குகளின் கீழ்த்தளத்துக்குத் தடுப்பு வந்தது. கீழ்த்தளத்தில் கம்பி போட்டால் கூட்டம் நடைபாதைக்குப் போகும். நடைபாதையிலும் போட்டால் சாலைக்குப் போகும். ஆள் குறைய மாட்டார்கள். மூத்திர நாற்றத்துக்குக் காரணம் ஆள் அல்ல, கழிவறை இல்லாதது.

வேண்டியது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஞாயிறு மதியம் முதல் இரவுவரை ஒன்றிரண்டு தெருக்களில் வண்டியை நிறுத்துவது. நிழலுக்குக் கூடாரம், உட்காரப் பெஞ்சு, குடிக்கத் தண்ணீர், கூடுதலாகக் கழிவறையும் குப்பைத் தொட்டியும். தீபாவளி, பொங்கல் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யத் தெரிந்த ஊருக்கு இது தெரியாதா? பணத்துக்கும் குறைவில்லை. ஒவ்வொரு பெர்மிட்டுக்கும் மாதாமாதம் முதலாளியிடம் லெவி என்ற வரியை அரசு வாங்குகிறது. அந்தத் தொகையில் ஒரு துளி போதும்.

கடைசியாக, பாஸ் வைத்திருக்கும் நம்மவர்களிடம் ஒரு வார்த்தை. 'ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கமே போகாதே, ஒரே கூட்டம்' என்று நம் வீடுகளில் சொல்லிக்கொள்கிறோம். அந்தக் கூட்டம் கட்டிய வீட்டில், அந்தக் கூட்டம் போட்ட எம்ஆர்டி பாதையில்தான் நம் வாரம் ஓடுகிறது. கறிவேப்பிலை வாங்கச் சனிக்கிழமை போவது உங்கள் வசதி, போங்கள். ஆனால் உங்கள் புளோக்குக்குக் கீழே தடுப்புக் கம்பி வேண்டும் என்று யாராவது கையெழுத்துக் கேட்டு வந்தால் போடாதீர்கள். பொதுக் கழிவறையும் பெஞ்சும் வேண்டும் என்று மனு எழுதச் சொல்லுங்கள். அந்த மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.