கொடி கருகியதற்கு மருமகளா பொறுப்பு?



போன வாரம் ஒரு சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடியில் வெற்றிலைக் கொடி கருகிக் கிடந்தது. "தீட்டு நாளில் மருமகள் தொட்டுவிட்டாள்" என்றார்கள். அந்தப் பெண் தலைகுனிந்து காபி கொண்டு வந்து வைத்தாள். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

சித்திரை வெயில். மறைப்பே இல்லாத மாடி. கறுப்புத் தொட்டியில் கைவைத்தால் சுடுகிறது. உள்ளே வேர் வேகாமல் என்ன செய்யும்?

கொடிக்காலைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் அகத்தியை விதைத்து, அது வளர்ந்த பிறகுதான் கொடியை நடுவார்கள். கொடி பற்றி ஏறவும் அகத்திதான், வெயிலுக்குக் குடையும் அகத்திதான். மண்ணில் ஈரம் காயவே விடமாட்டார்கள். பெண்களைக் கொடிக்காலுக்குள் விடாத ஊர்களும் உண்டே என்று யாராவது எழுதுவீர்கள். அங்கேயும் கோடையில் அகத்தியை வெட்டிவிட்டு ஆண்கள் மட்டும் தொட்டுப் பாருங்கள், கொடி கருகும். மார்கழிக் குளிரில் துளிர் மந்தமாகிறதே, அது யாருடைய தீட்டு?

என் அம்மாவும் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னவர்தான். பள்ளியில் ஒளிச்சேர்க்கை நடத்திவிட்டு வந்து, வீட்டில் பேசாமல் தள்ளி நின்றிருக்கிறேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

தொட்டியை முருங்கை நிழலுக்கு இறக்குங்கள். சுற்றி ஈரச் சாக்கு கட்டி, மண்மேல் தேங்காய் நார் பரப்புங்கள். காலையும் மாலையும் அளவாகத் தண்ணீர் விடுங்கள். தேங்கினால் வேர் அழுகும்.

இதையெல்லாம் மாமியாரிடம் நேரிலேயே சொன்னேன். கோபித்துக்கொண்டார். கீழ்க்கணுக்களில் இன்னும் பச்சை இருக்கிறது. அதை வெட்டி மருமகள் கையாலேயே நடச் சொல்லிவிட்டு வந்தேன்.